மூடி இல்லாத டப்பா

இலையுதிர்காலம் என்று ஒன்று
எங்கள் ஈசூனில் கிடையாது.
கார் நிறுத்துமிடத்து வாதாமரம்
தனக்குத் தோன்றும்போது சிவக்கும்
தனக்குத் தோன்றும்போது கொட்டும்.
எந்த மாதம் எத்தனை மூட்டை என்பது
கூட்டி அள்ளும் ஷொஹாக்குக்குத்தான் தெரியும்.

ஆனாலும் புரட்டாசி முடியும்போது
ஏதோ நடக்கிறது.
மூன்றரைக்கே வானம் கறுக்கிறது.
துணி காயும் மூங்கில் கழிகள்
பத்து மாடியிலும் ஒரே நேரத்தில் உள்ளே போகின்றன.
மின்தூக்கிப் பக்கத்தில் தாள் ஒட்டுகிறார்கள்:
சனிக்கிழமை, கீழ்த்தளம்,
வீட்டில் செய்தது மட்டும்.
'மட்டும்' என்பதன் கீழே இரண்டு கோடு.
போன வருடம் யாரோ
கடைக் கோழிக்கறியைச் சட்டியில் கவிழ்த்து
கொத்தமல்லி தூவிக் கொண்டுவந்த கோபம்.
(அது என் கணவர்.
இன்னும் கண்டுபிடிக்கவில்லை.)

நான் 'உக்காரை' என்று எழுதினேன்.
ஆறாம் மாடி கவின் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு
"எங்கே உட்காரணும் ஆன்ட்டி?" என்றான்.

எனக்கு ஒரு கடன் இருந்தது.
வெளிர்நீல டப்பா.
போன வருடம் நான்காம் மாடி சியூ லான்
அதில் சேப்பங்கிழங்குக் கேக் வைத்துக் கொடுத்தார்.
தின்று முடிக்க ஒரு ராத்திரி.
வெறும் டப்பாவை எப்படித் திருப்பித் தருவது?
தைப்பொங்கலுக்குத் தரலாமென்றால்
அன்று பொங்கல் அடிப்பிடித்தது.
மார்ச்சில் மூடியை அடுப்போரம் வைத்தேன்,
சுருண்டு அப்பளமாகிவிட்டது.
அதன்பிறகு
சியூ லான் மின்தூக்கியில் ஏறினால்
எனக்குத் தபால்பெட்டியில் வேலை வந்துவிடும்.
ஏழு மாதம்.
வங்கிக் கடனுக்குக்கூட இப்படி ஒளிந்ததில்லை.

வெள்ளி இரவு பல் மருந்தகத்திலிருந்து வந்து
கடலைப்பருப்பை வறுத்து ஊறவைத்தேன்.
அரைத்து, ஆவியில் வைத்து,
ஆறவிட்டு, விரலால் உதிர்த்து,
வெல்லப்பாகில் போட்டுக் கிளறும்போது மணி ஒன்று.
உதிர்ந்து வந்தால்தான் பதம்.
உதிர்ந்தது.
எங்கள் புளோக்கில் இந்த வருடம்
சொல்லிவைத்த நாளில் உதிர்ந்தது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை மழை சாய்வாகப் பெய்து
சதுரங்க மேசைவரை நனைத்தது.
மேசைகளை நடுவே இழுத்துப் போட்டோம்.
போன வாரத்து முயல் லாந்தர் ஒன்று
பேட்டரி தீராமல்
பாடிக்கொண்டே மேசைக்கடியில் ஓடியது.
ரென்டாங், வாழையிலை மீன்,
யாரோ செய்த சாய்ந்த மூன்கேக்,
இருபது வீட்டுக் கரண்டிகள்.

ஈயத்தாள் போர்த்திய டப்பாவை நீட்டினேன்.
"மன்னிக்கணும், மூடி..."
சியூ லான் தூக்கிப் பார்த்தார்,
அடியில் பார்த்தார்.
"இது என்னுடையதே இல்லை.
ஒன்பதாம் மாடி ரொஹாயா கொடுத்தது.
அவரைப் பார்த்தாலே
இரண்டு வருடமாக நான் படியில் இறங்குகிறேன்."

ரொஹாயா கரண்டியோடு திரும்பினார்.
"என்னுடையதா? என் டப்பா எல்லாவற்றிலும்
ஆணியால் பெயர் கீறியிருப்பேன்.
இது பெரேரா வீட்டிலிருந்து
ஆரஞ்சுப்பழத்தோடு வந்தது.
அவர்கள் பெர்த் போகும் நாளில்கூட
நான் கதவைத் திறக்கவில்லை."

ஒரு நிமிடம் மழைதான் பேசியது.
பிறகு சியூ லான் ஈயத்தாளைப் பிரித்து
உக்காரையை ஒரு பிடி அள்ளி
வாயில் போட்டு
"சர்க்கரை குறைவு, நல்லது" என்றார்.

எட்டரைக்குள் டப்பா காலி.
குழாயடியில் கழுவிக் கவிழ்த்தேன்.
"யாருக்கு வேண்டும்?" என்று கேட்டேன்.
எல்லோரும் திடீரென்று
நாற்காலி மடக்கப் போய்விட்டார்கள்.

மேசை துடைத்துவிட்டு வந்து பார்த்தால்
அதே இடத்தில் நிமிர்ந்திருக்கிறது டப்பா.
உள்ளே
தோலுரித்த பம்ப்ளிமாஸ் நான்கு சுளை,
கசங்கிய இலையில் சுற்றிய ஏதோ ஒன்று,
இன்னும் சூடாக.

வைத்தது யாரென்று தெரியவில்லை.
யாரைக் கண்டு ஒளிய வேண்டும் என்பதும்
தெரியாததால்
எல்லோரோடும் நின்று
மின்தூக்கிக்குக் காத்திருந்தேன்.