பதினாறு விநாடி

புறொஸ்பெக்ட் வளைவில் பச்சை விழும்.
அதற்குப் பிறகு எனக்கென்று இருப்பது
முந்நூறு மீற்றர் தார்,
வலக்கண்ணாடி நிறைய ஒரு லொறி,
நூற்றுப்பன்னிரண்டு கிலோவாட் என்று
கையேட்டில் மட்டும் எழுதியிருக்கும் என்ஜின்.
மிதிக்கிறேன்.
சத்தம் முதலில் போய்ச் சேர்கிறது.
கார் பின்னால் வருகிறது.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டுக் கேம்ரி,
நாலு சிலிண்டர், பாலாடை நிறம்.
ஐந்து பேரை ஏற்றிக் கன்பரா போய் வந்ததுதான்.
கட்டூம்பா ஏற்றத்தில்
ஏசியை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சியதும் இதுதான்.

"நூறைத் தொடப் பதினாறு விநாடி" என்றேன்.
கைபேசியில் எண்ணியிருந்தேன்.
"அதுக்கும் வயசு போகுதுதானே" என்றார் கருணைராசன்,
தொலைக்காட்சியிலிருந்து கண்ணெடுக்காமல்.
எனக்குந்தான் வயது போகிறது.
பென்ரித் ஆஸ்பத்திரியில் இரவு மூன்று மணிக்கு
கட்டில் மணி அடித்தால் நான் ஓடவில்லையா?

சனிக்கிழமை தொடங்கினேன்.
காற்று வடிகட்டியைக் கழற்றினால் உள்ளே
ஒரு யூக்கலிப்டஸ் இலை, இரண்டு தேனீ,
ஏதோ ஒரு கோடையின் காட்டுத்தீச் சாம்பல்.
புதியது முப்பத்திரண்டு டொலர்.
பதினைந்து விநாடி.

நாலு பிளக்கும் மாற்றினேன்.
பதினைந்தேதான்.

துரொட்டில் வாய்க்குள் திரவம் அடித்து
பழைய பல் தூரிகையால் தேய்த்தேன்.
அந்த மணம் இரண்டு இரவு
கையுறைக்குள்ளும் இருந்தது.
ரயர்களுக்குக் காற்று.
டிக்கியில் மடக்கு நாற்காலி நாலு,
மகன் கைவிட்ட கிரிக்கெட் பை,
அன்னதானத்துக்கென்று வாங்கிக்
கொடுக்க மறந்த பத்துக் கிலோ சம்பா அரிசி,
வண்டு பறந்தது.
எல்லாம் இறக்கியும் பதினாலு.

செவன் ஹில்ஸ் மெக்கானிக் வின்
ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான்.
"என்ஜினில் பிழையில்லை. நீதான் மிதிக்கிறதில்லை."
அதற்கு அறுபது டொலர்.
நான் மிதிக்கிறதில்லையா!
வலது சப்பாத்தின் அடி தேய்ந்திருப்பதைக்
கழற்றிக் காட்டினேன் அவனுக்கு.

பிறகு ஒரு நாள் ஆல்டி வாசலில்
தள்ளுவண்டிக்கு எடுத்த இரண்டு டொலர் காசு
நழுவி மிதிக்கு அடியில் உருண்டது.
குனிந்து தடவினேன்.
ரப்பர் விரிப்பு.
தூக்கினால் இன்னொரு ரப்பர் விரிப்பு.
அதற்குக் கீழே கம்பள விரிப்பு,
அது அழுக்காகாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தாள்,
அதற்கும் கீழே
தொழிற்சாலை அனுப்பிய சாம்பல் நிறத்தில்
ஒரு காலும் படாத தரை.

கதவருகே முழங்காலில் நின்றபடி
அக்சிலரேட்டரைக் கையால் அமுக்கினேன்.
இறங்கியது. இன்னும் இறங்கியது.
மூன்று விரல் அகலம்,
நான் ஒருநாளும் போயிராத இடத்துக்கு.

காசைத் தேட மறந்துபோனேன்.

ஒவ்வொன்றும் அவர் போட்டது, ஒவ்வொரு வருடத்தில்.
"விக்கேக்கை உள்ளுக்குப் புதுசா இருக்கவேணும்."
முகம் தெரியாத யாரோ ஒருவர் வந்து,
கதவைத் திறந்து, குனிந்து பார்த்து,
அடடா என்று சொல்வதற்காக.
அந்த ஆள் இன்னும் வரவில்லை.
அவருக்காகப் பதினெட்டு வருடம்
நான் லொறிகளுக்கு முன்னால் மெதுவாகப் போனேன்.

வீட்டுக்கு வந்து எல்லா விரிப்பையும்
வேலியில் காயப்போட்டேன், முன்னிருக்கை பின்னிருக்கை எல்லாம்.
அவர் வந்து பார்த்தார்.
அவர் கையில் ரிமோட் இருந்தது,
பொலித்தீன் உறையோடு.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு, அதே வளைவு, அதே பச்சை.
மிதித்தேன்.
முதுகை இருக்கை பிடித்துத் தள்ளியது.
கண்ணாடியில் லொறி
தீப்பெட்டி அளவுக்குப் போய்விட்டது.
"எத்தினை?" என்றேன்.
"பதினொண்டு" என்றார் கருணைராசன்,
ஒரு கையில் கைபேசி, மறு கை கதவுப் பிடியில்,
புதுத் தரையில் சப்பாத்துப் படாமல்
இரண்டு காலையும்
கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி.