துப்ளியில் வெள்ளிக்கிழமை

ஐந்தரைக்கே நீர் வற்றிவிட்டது.
அலையாத்தி வேர்களுக்குள்
லபன் பாட்டில், ஒற்றைச் செருப்பு,
யாரோ குடித்து முடிக்காத மாம்பழச்சாறு.

வாரம் ஆறு நாளும்
இதே கையுறை, இதே குனிதல்.
இன்றைக்குச் சம்பளம் கிடையாது, அவ்வளவுதான்.
"லீவு நாளிலுமா குப்பை?" என்று
போர்வைக்குள்ளிருந்து சிரித்தான் செல்லப்பாண்டி.

சாக்கின் வாயைப் பிடித்திருப்பவர்
எங்கள் ஃபோர்மேன் குஞ்ஞுமோன்.
முழங்கால்வரை சேறு.
கிழிந்த வலையைத் தூக்கி
"இதையும் போடலாமா?" என்று
என்னைக் கேட்கிறார்.

வலைக்கு அடியில்
ஒரு மஞ்சள் ஹெல்மெட்.
உள்ளே மார்க்கரில், தமிழில், பெயர்.
முன்பாதியைக் கடல் தின்றுவிட்டது.
மிச்சம்: முத்து.

கவிழ்த்தேன்.
சின்ன நண்டொன்று
இறங்கி நடந்தது.

குஞ்ஞுமோன் சாக்கை விரித்தபடியே நிற்கிறார்.
நான் இன்னும்
கழுவிக்கொண்டிருக்கிறேன்.