உறை

எழுபத்து நான்கு உறைகள்.
வெளிச்சத்தில் பிடித்தாலும் தெரியக் கூடாதென்று
உள்ளே கறுப்புத் தாள் வைத்து ஒட்டியவள் நானே.
கலைத்துப்போட்டு மேல்மாடிக்கு அனுப்பினேன்.
எந்த உறை யாருக்குப் பிரிந்தது என்பது
அளப்பவளுக்குத் தெரியக் கூடாது.
அளப்பவளும் நான்தான்.

'ஆம்' என்றிருந்தால்
நல்ல கைக்குத் தடித்த கையுறை, பகலெல்லாம்.
செயலற்ற கை தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.
'இல்லை' என்றிருந்தால்
பந்து பிசைதல், விரல் நீட்டல், ஒரு கோப்பை தேநீர்,
வீட்டுக்குப் பேருந்து.

லவ்ரெந்தி கோஜின்.
பெய்ப்சி ஏரிக்கரையில் வெங்காயம் போடுகிறவர்.
அக்டோபரில், அறுவடையைக் கட்டித் தொங்கவிடும் நாளில்,
மூளையின் இடப்பக்கத்து நாளமொன்றில்
கடுகளவு குருதி உறைந்தது.
வலக்கை அவரைக் கைவிட்டது.
(கை கைவிட்டது. வேறெப்படிச் சொல்ல?)

பலகையில் ஒன்பது துளை, கிண்ணத்தில் ஒன்பது குச்சி.
நட வேண்டும், பிடுங்க வேண்டும், திரும்பக் கிண்ணத்தில் போட வேண்டும்.
முதல் நாள் இரண்டு நட்டார்.
மூன்றாவது உருண்டு என் காலடிக்கு வந்தது.
குனியப் போனேன்.
"விடுங்கள் டாக்டர், நாற்று நழுவாத வயல் எது?"
என்றார், வாயின் பாதியால்.

பன்னிரண்டு வாரம்.
டார்ட்டு நகரத்து ஆறும் உறைந்து
அதன்மேல் பிள்ளைகள் நடந்து பள்ளிக்குப் போனார்கள்.
பிப்ரவரியில் ஒன்பதையும் நட்டார்,
நாற்பத்தோரு நொடி.
எனக்குத் தெரியக் கூடாதுதான்.
ஆனாலும் மனசுக்குள் ஒரு பென்சில்
அவர் பெயருக்கு நேரே 'ஆம்' என்று எழுதிவிட்டது.

சட்டைப்பையிலிருந்து அவர் எடுத்து மேசையில் வைத்தது
கட்டைவிரல் கிழிந்த மீன்பிடிக் கையுறை.
"நடைபாதையில் அந்த டிராம் ஓட்டும் அம்மா
இப்படி ஒன்று போட்டிருந்தார். எதற்கென்று கேட்டேன். சொன்னார்.
எனக்கு ஏன் தரவில்லை என்று உங்களைக் கேட்க வெட்கம்.
வீட்டில் இது இருந்தது.
வெங்காயம் பின்னும் சரட்டால் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டிவிடுவாள் உல்யானா.
முடிச்சைப் பல்லால் அவிழ்க்கப் பார்த்தேன் முதல் வாரம்.
அதன்பின் அவள் பின்பக்கம் முடிந்தாள்."

குளிர்காலம் முழுக்க அந்தக் கையால் உரித்திருக்கிறார்.
எத்தனை மூட்டை என்று கேட்டேன்.
"அண்டை வீடுகளுடையதும் சேர்த்தா?"

அன்றிரவு கணக்கு.
விதி இதுதான்: உறை சொன்ன பக்கத்திலேயே ஆள் நிற்க வேண்டும்,
வீட்டில் என்ன செய்திருந்தாலும்.
ஆக, என் முறையால் தேறிய மனிதர்
என் முறைக்கு எதிரான சாட்சியாக
'இல்லை' வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்,
நாற்பத்தோரு நொடியோடு, கம்பீரமாக.

புள்ளியியல்காரன் ரெய்மோ தொலைபேசியில் சொன்னான்:
அவரை எடுத்துவிட்டால் நூற்றுக்கு நான்கு.
வைத்திருந்தால் ஏழு.
ஐந்துக்குக் கீழே வந்தால்தான் கதவு திறக்கும், பிரெத்,
ஒரே ஒரு வெங்காயக்காரர்.
நான்கு ஆண்டு என்றான். என் நான்கு ஆண்டுகள்.
நானும் உரித்துப் பார்த்தேன் அந்த ஏழை,
தோலுக்குள் தோலாக,
உள்ளே ஏதாவது நான்கு ஒளிந்திருக்குமா என்று.
கண் எரிந்ததுதான் மிச்சம்.

வைத்துக்கொண்டேன்.
நேர்மை என்று யாரும் சொல்ல வேண்டாம்.
இரண்டு நாள் தூங்காமல், ரெய்மோவை மூன்று முறை திட்டி,
ஒரு முறை 'நீக்கு' என்று அழுத்தி மீட்டெடுத்து,
அப்படித்தான் வைத்தேன்.

விதிமீறல் படிவத்தில் அவர் கையொப்பம் வேண்டியிருந்தது.
அக்டோபரில் சம்மதத் தாளில்
இடக்கையால் ஒரு கோடு இழுத்திருந்தார்.
இப்போது பேனாவை வலக்கைக்கு மாற்றினார்.
தவறு செய்ததை ஒப்புக்கொள்ளும் தாளில்
அத்தனை அக்கறையாக யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

நிறுத்துகடிகாரம் என் உள்ளங்கையில்தான் இருந்தது.
அழுத்தவில்லை.

பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.
நான் சொல்லவில்லை.
தாளைத் தூரப்பிடித்து
அவரே பார்த்தார்.