குரங்குகள் விட்டுவைத்தது

சாட்ஸ்வொர்த், ஏழாம் யூனிட்.
விரிசல் விட்ட குளியல் தொட்டியைக்
கொல்லைக்கு இழுத்துப்போய்
மண் நிரப்பினான் சாக்ரன்,
கிளினிக்கில் சர்க்கரை பதினான்கு என்று சொன்னதற்கு மறுநாள்.

தக்காளி சிவந்த காலையில்
கூரை வழியே இறங்கின குரங்குகள்.
சோளம் போயிற்று. பீன்ஸும்.
கத்தரிப்பிஞ்சைக் கடித்துப் பார்த்து
என் துணிக்கொடிமேல் எறிந்தது ஒன்று.

பாகற்காயை மட்டும்
முகர்ந்து வைத்துவிட்டு
அவனைத் திரும்பிப் பார்த்ததாம்,
ஐயோ பாவம் என்பதுபோல.

செவ்வாய் பாகல். வியாழன் பாகல்.
ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றித் தின்ற வாய்
முதலில் என்னை வைதது,
பிறகு இன்னொரு கரண்டி கேட்டது.

இன்று எட்டு.
யார் சொன்ன பத்தியம் என்றாள் நர்ஸ்.
இருவரும்
கூரையைப் பார்த்தோம்.