நான்காம் மாடிக்கு எத்தனை கட்டை

யானையை வாங்கியாயிற்று.
அங்குசத்துக்குத்தான் இந்த அலைச்சல்.

இரண்டு அங்குலம்கூட உயரமில்லை,
எங்கள் பேக்கரியின் ரொட்டித் தட்டு அகலம்.
முகத்தில் எட்டுப் பொத்தான், ஒரு பச்சைச் சன்னல்.
உள்ளே ஐந்நூற்றுப் பன்னிரண்டு குரல்:
செல்லோ, சர்ச் ஆர்கன்,
'கண்ணாடி மழை' என்று பெயர் வைத்த ஏதோ ஒன்று.
தொட்டுப் பேச ஒரு கட்டை கிடையாது.
போஸ்னானில் மூடிப்போன ஒலிப்பதிவுக் கூடத்தின் ஏலத்தில்
இந்தச் சிந்தசைசர் மாட்யூலுக்கு
உயர்ந்த கை என்னுடையது ஒன்றுதான்.

துண்டு சுற்றி, காய்கறி வண்டியில் படுக்கவைத்து
டிராமில் ஏற்றிக் கஸ்பரின் கடைக்குக் கொண்டுபோனேன்.
பெண் பார்க்கப் போகும்போது
மாப்பிள்ளையை வீட்டிலா விட்டுப்போவார்கள்?

முதல் கீபோர்டுக்கு எண்பத்தெட்டுக் கட்டை.
உள்ளே சுத்தியல், விரலுக்கடியில்
நிஜப் பியானோவின் சோம்பல்.
இருபத்திரண்டு கிலோ.
எங்கள் லிஃப்ட் அக்டோபரிலிருந்து படுத்துக்கிடக்கிறது.
"பாதி எடை கற்பனைதான், யாத்விகா" என்றான் கஸ்பர்.
மீதிப் பாதியைத் தூக்கிப் பார்த்தேன்.
வைத்துவிட்டேன்.

அடுத்தது மடியில் அடங்கிவிடும்.
பின்புறம் தடவினால் ஐந்து துளைச் சாக்கெட்டைக் காணோம்.
கம்ப்யூட்டரோடு மட்டும்தான் பேசுமாம்.
என் பெட்டி தொண்ணூற்று மூன்றில் பிறந்தது,
மிடிக் கம்பியின் ஐந்து ஊசி குத்தினால்தான்
அதற்குக் காது கேட்கும்.

மூன்றாவதில் எல்லாம் இருந்தது,
மின்னும் சதுரங்கள், சறுக்குக் குமிழ்கள், நாற்பது விளக்கு.
விலையும் இருந்தது.

நான்காவது, தரையில்,
ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால்
தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி சுவரைப் பார்த்து நின்றது.
அறுபத்தொரு கட்டை. யாரோ ஒட்டிய வாழைப்பழ ஸ்டிக்கர்.
இடது பக்கம் ஒரு கறுப்புக் கட்டை செத்துவிட்டது,
உதிரி கிடைக்காது என்று அவனே சொன்னான்.
கம்பியைச் செருகிச் செல்லோவை எழுப்பினேன்.
ஒரு கட்டையை அழுத்தி,
விடாமல்,
மாவு பிசைகையில் உள்ளங்கையின் அடிப்பகுதி தருமே
கொசுறாக ஒரு பாரம்,
அதைத் தந்தேன்.

செல்லோ திரும்பிப் பார்த்தது.

மற்றவற்றுக்கு நான் அடித்தது மட்டும் தெரிந்தது.
அடித்த பிறகும் கை அங்கேயே இருக்கிறது என்பதை
இந்த வாழைப்பழக்காரிதான் கண்டுகொண்டாள்.

இரவு ஒரு மணிக்கு எழுவேன்.
இரண்டரைக்குப் பேக்கரிக்குக் கிளம்பும்வரை என் நேரம்.
காதில் ஹெட்போன்,
மேசைக் கால்களுக்கடியில் நாலாய் மடித்த கம்பளி.
இடதுகை பழக்கதோஷத்தில்
செத்த கட்டையையும் தொட்டுவிட்டுத்தான் போகும்.
அந்த இடம் வந்தால் ஒரு பல் விழுந்த சிரிப்பு.
பழகிவிட்டது.

மூன்றாம் வாரம்
கீழ்வீட்டு ஸெனான் படியில் மறித்தார்.
ஒரு மன்னிப்பை எடுத்து நாக்கு நுனியில் வைத்துக்கொண்டேன்.
அவர் பையைக் கீழே வைத்தார், கையுறையைக் கழற்றினார்,
கைப்பிடிக் கட்டையில் விரலால் தட்டினார்.

டொக். டொக்டொக். டொக்.
டொக்டொக். டொக்.
டொக்.

"எலி என்றுதான் முதலில் நினைத்தேன்.
எலிக்கு இவ்வளவு ஒழுங்கு வராது.
என்ன அது?"

செல்லோ, என்றேன்.
என்னை ஏற இறங்கப் பார்த்தார்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
மறுபடி தட்டச் சொன்னேன்.
எட்டு.

என் காதில் எப்போதும் ஏழுதான்.

பால் வாங்கி வந்திருந்தார். பை சாயாமலிருக்க
இருவரும் குனிந்து பிடித்தோம்.
நன்றியோ புகாரோ, ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார்.
அன்றிரவு, ஒரு மணிக்கு,
கம்பளியில் ஒரு மடிப்பை மட்டும் உருவினேன்.