இரண்டு மிடறு

ரூஸே நகரத்து விளையாட்டரங்கில்
தட்டு மாட்டுகிறவன் நான்.
பகலெல்லாம் துறைமுகத்தில் சிமெண்ட் மூட்டை.
அந்த மார்ச்சில் நான்கு நாள் மட்டும்
வெள்ளைக் கையுறை, நீலச் சட்டை,
முதுகில் அச்சடித்த ஒரு சொல்: உதவியாளர்.

ஐம்பத்தொன்பது கிலோ ஆண்கள்.
பள்ளிப் பையன்களின் உயரம்தான்.
பேருந்தில் பார்த்தால் தள்ளி உட்காரச் சொல்வீர்கள்,
தொடையைப் பார்த்தபின் சொல்லமாட்டீர்கள்.

எடை பார்க்கும் அறைக்கு வெளியே
ரடோஸ்டின் உட்கார்ந்திருந்தான்.
மூன்று கம்பளிச் சட்டை, மேலே ஒரு ரப்பர் சட்டை.
நாலு மணியிலிருந்து ஓடியிருக்கிறான்.
கையில் துப்புவதற்கென்று ஒரு டப்பா,
துப்ப எச்சில்தான் இல்லை.
உதட்டுத் தோல் பழைய சுவரொட்டிபோல
ஓரத்தில் சுருண்டு நின்றது.

சோதனைத் தராசில் ஏறினான், இறங்கினான்.
ஐம்பத்தெட்டு கிலோ எண்ணூறு.
"இருநூறு மிச்சம் இருக்கே, ஒரு வாய் குடி" என்றேன்.
நான்தான் சொன்னேன்.
பயிற்சியாளர் கழிப்பறைக்குப் போயிருந்தார்.

என் தகரக் குவளையை நீட்டினேன்.
உடனே விழுங்கவில்லை அவன்.
கன்னத்துக்குள் இந்தப் பக்கம் அந்தப் பக்கம்
நீரை நடக்கவிட்டான்.
பிறகு தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.
குவளையைத் திருப்பிக் கொடுத்தான்.
"இன்னொன்று" என்றேன்.

சாயங்காலம் அரங்கில் பாதி ருமேனியர்கள்.
டான்யூபின் பாலம் கடந்து
ஐந்து பேருந்தில் வந்திருந்தார்கள்,
கோஸ்டெல் என்ற பெயரைத் தரையில் மிதித்து மிதித்துக் கூப்பிட.

ஸ்நாட்ச்சில் நம்மவன் இரண்டரை கிலோ மேலே.
அடுத்த சுற்றில் நூற்று ஐம்பத்தேழரை.
இரண்டு சிவப்பு, ஒரு மஞ்சள், ஒரு ஒன்றேகால்,
இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பென்யோ.
ரடோஸ்டின் அதை நெஞ்சுக்கு ஏற்றி
ஒரு மூச்சு நின்றான்.
காது மடல்வரை ரத்தம்.
தூக்கியபோது கம்பி வளைந்து
இரண்டு முனையும் ஆமாம் ஆமாம் என்றன.
மூன்று வெள்ளை விளக்கு.
வெண்கலம், என்றான் பென்யோ வாயசைத்து.

கோஸ்டெல் நூற்று அறுபது கேட்டான்.
ஒன்றேகாலைக் கழற்றி இரண்டரையை மாட்டினோம்.
பிடியை நான் இறுக்கினேன்.
கம்பி மேடையின் நடுவில்தானா என்று
குனிந்து பார்த்து, ஒரு விரற்கடை நகர்த்தினேன்,
அவனுக்குச் சரியாக.
அதைச் சொல்லிக்கொள்வதற்கு எனக்கு உரிமை உண்டு.

அவன் கால் தள்ளாடியது.
ஓர் அடி முன்னே, அரை அடி பின்னே,
முழங்கை மடங்கவில்லை.
மூன்று வெள்ளை.

மொத்தம் சமம்.
சமமானால் உடல் இலேசானவனுக்கு;
அப்போதைய விதி அது.
பலகையில் பச்சை எழுத்து ஓடியது:
கோஸ்டெல் 58.85
ரடோஸ்டின் 58.90

ஐம்பது கிராம்.
ஒரு மிடறோடு நிறுத்தியிருந்தால் சரிசமம்.
நிறுத்தியவன்தான் அவன்.

மேடையில் என்னென்னவோ கொடிகள் ஏறின.
நான் தட்டுகளை நிறம் பார்த்து அடுக்கினேன்.
இருபத்தைந்து கிலோ இரும்பு
எப்போதும் இருபத்தைந்து கிலோதான்,
யார் பக்கம் நின்றாலும்.

நடைபாதையில் ரடோஸ்டின் வந்தான்.
குவளையைக் கேட்டான். குழாயடியில் நின்று
ஏழு முறை நிரப்பிக் குடித்தான்.
எண்ணினேன்.
ஈரமான மோவாயைத் துடைத்துக்கொண்டு
"காலையில் கொடுத்ததுதான் ருசி" என்றான்.
கணக்குத் தெரிந்து சொன்னானா,
தெரியாமலா?
முகத்தில் தாகம் மட்டும்தான் இருந்தது.

மறுநாள் அறுபத்துநான்கு கிலோ.
அதே பெஞ்சில் வேறு ஒரு பையன்,
அதே ரப்பர் சட்டை, அதே உதடு.
என் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கவிழ்த்து வைத்தேன்.