நக்குக்கல்

ஃப்ளூலிக்கு மேலே, ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில்
உப்பை மறந்தது நான்தான்.
சாமான் பட்டியலில் அதற்குச் சரி போட்டிருந்தேன்,
பச்சை மையில், அழுத்தமாக.
பட்டியல் பையில் இருந்தது.
உப்பு லூட்சர்னில், எங்கள் வீட்டு அடுப்பின் பக்கத்தில்.

ஐந்து பேர். எனக்குப் பதினேழு.
தலைவி என்று என் கழுத்துத்துணி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது.

நான்கு மணியிலிருந்து மழை.
உர்சினா தார்ப்பாயின் ஒரு மூலையைப் பிடித்து
கம்பமாக நின்றாள்.
விறகு புகைந்ததே தவிர எரியவில்லை.
மத்திஸ் தன் சாரணர் கைநூலில்
முடிச்சுகள் பற்றிய அத்தியாயத்தைக் கிழித்துக் கொடுத்தான்.
முடிச்செல்லாம் அவனுக்கு மனப்பாடமாம்.
அதைத் தின்ற பிறகுதான்
தீ எங்களை நம்பியது.

பொலெந்தா. சோளக் களி என்பேன் நான்.
கரிப்பானைக்குள் சேற்றுக் குமிழியாக
ப்ளக், ப்ளக் என்று பேசியது.
லீனோ ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தான்.
நீண்ட நேரம் யோசித்தான்.
"சுடுகிறது," என்றான். "வேறொன்றும் செய்யவில்லை."

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே.
ஆனால் இந்த மலையில் குப்பை கொட்ட இடமில்லை,
கொண்டுவந்ததையெல்லாம் சுமந்து இறக்கவேண்டும், அது விதி.
நான்கு லிட்டர் களியை
யார் முதுகில் கட்டுவது?

ஆர்தாதான் பார்த்தாள்.
வேலிக்கு அப்பால் கம்பத்தில் செருகிய வெள்ளைக் கல்,
மாடுகள் நக்கி நக்கி
நடுவில் தொட்டிலாய்க் குழிந்த கல்.

பட்டிக் குடிசையின் கதவைத் தட்டினோம்.
கவிழ்த்த பால் கேன்கள், ஆணியில் ஒரு ரப்பர் அங்கி.
ஆளில்லை.

தார்ப்பாயின் கீழ் சபை கூடிற்று.
திருட்டு, என்றான் மத்திஸ்.
எச்சில், என்றாள் உர்சினா.
அவள் சொன்னது வெறும் உமிழ்நீர்தான்.
என் காதில்தான் அது எச்சில் ஆயிற்று,
எங்கோ ஒரு பந்தி முழுக்க
இலையை மூடிக்கொண்டு எழுந்து போயிற்று.
"மூன்று மணிநேரமாக மழை கழுவுகிறதே," என்றாள் ஆர்தா.
"அதுங்க பாலைக் குடிக்கிறோம்," என்றான் லீனோ.
அதற்குமேல் வாதாட எங்களிடம் பசி இருந்தது, வாதம் இல்லை.

நாக்கு எட்டாத அடிப்பக்கத்தில்
பேனாக்கத்தியால் சுரண்டினேன்.
வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பளவு
உள்ளங்கையில் உதிர்ந்தது.
கதவிடுக்கில் இரண்டு பிராங்க் நாணயத்தோடு ஒரு சீட்டு:
உங்கள் கல்லில் ஏழு சிட்டிகை எடுத்தோம்.
ஒன்பது இருக்கும். கை நடுங்கியதில் எண்ணவில்லை.

களி அமிர்தமாயிற்று என்று எழுதினால் பொய்.
அடி பிடித்திருந்தது.
ஆனால் லீனோ தட்டை மறுபடி நீட்டினான்,
உர்சினா கரண்டியை நக்கினாள்,
நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் நிறுத்தினாள்.

பானை கழுவும் முறை மத்திஸுடையது.
மழையைக் காட்டி, காலையில், என்று படுத்துவிட்டான்.

நடுச்சாமத்தில் மணியோசை.
கூடாரத் துணியை உள்ளே தள்ளியது ஒரு பெரிய மூச்சு.
பிறகு வெகுநேரம்
பலகையில் உப்புத்தாள் தேய்ப்பது போன்ற சத்தம்.
யாரும் எழவில்லை. யாரும் தூங்கவுமில்லை.

விடிந்தபோது பானை
வெளியே கரி, உள்ளே கண்ணாடி.
பக்கத்தில் பழுப்பு நிறத்தில் அவள்,
காதில் மஞ்சள் அட்டை, 4417.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
யார் இட்டது, யார் நினைப்பது என்று
நான் கணக்குப் பார்ப்பதற்குள்
தார்ப்பாயின் கயிற்றை மென்று முடித்திருந்தாள்.

வேலைத் தாளில்,
பாத்திரம் கழுவியவர் என்ற கட்டத்தில்
4417 என்று எழுதினேன்.
மத்திஸ் சிரிக்கவில்லை. பானையை ஓடைக்குக் கொண்டுபோய்
மணல் போட்டு இரண்டு தடவை தேய்த்தான்.

திரும்பி வந்தவனிடம் கேட்டேன்:
அறுந்த கயிற்றை ஒட்ட எந்த முடிச்சு?
கைநூலைத் திறந்தான்.
மூடினான்.